பெயர் தெரியாத முகம்

 

போன பதிவில் வாய்ப்பாடு பற்றி எழுதியதற்கு இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. இந்த முறை சினிமா. "டீச்சருக்கு எதுக்கு சினிமா?" என்று சிரிக்க வேண்டாம். இது நடிகைகளைப் பற்றியோ கதாநாயகர்களைப் பற்றியோ இல்லை. ஒரு துண்டு வேட நடிகரைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன டிசம்பரில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். வெளியே பனி. வாசல் பக்கம் போகவே முடியாது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பேத்தி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாள். 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்', 1946இல் வந்தது. அந்த ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் இந்தப் படம் இல்லாமல் இருக்காதாம், நம் ஊரில் தீபாவளிக்குப் பட்டிமன்றம் போல.

படத்தில் பாட்டர் என்று ஒரு பணக்காரக் கிழவர். ஊரையே வாடகைக்கு விட்டுக் கசக்கிப் பிழிகிறவர். அவருக்கு வாடகை வசூலித்துத் தரும் ஆள் ஒரு காட்சியில் வருகிறார். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, நீளமான மூஞ்சி, கறாரான குரல். வந்தார், பேசினார், போனார். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

"இந்த ஆளைப் போன வாரமும் பார்த்தோமே!" என்றேன். முந்தைய வாரம் பார்த்தது 1938இல் வந்த 'யூ கான்ட் டேக் இட் வித் யூ'. அதில் ஒரு தாத்தாவிடம் வருமான வரி கேட்டு வருகிற அதிகாரி இவர்தான். பேத்தி ஃபோனில் தேடினாள். "அம்மம்மா, இவர் பேர் சார்லஸ் லேன். இருநூற்றைம்பதுக்கும் மேல படம் நடிச்சிருக்கார்" என்றாள்.

அன்று தொடங்கியது. ஊருக்குத் திரும்பும் வரை எனக்கு அதுதான் வேலை. பழைய படம் எது போட்டாலும் சார்லஸ் லேன் வருகிறாரா என்று பார்ப்பது. வரலாறு பாடம் எடுத்தபோது ராஜாக்களைப் பற்றித்தான் சொல்லிக் கொடுத்தேன். ராஜாவுக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கடனை இங்கே கொஞ்சம் தீர்க்கிறேன்.

சார்லஸ் லேன் பிறந்தது 1905 ஜனவரி 26, சான் பிரான்சிஸ்கோவில். இயற்பெயர் சார்லஸ் லெவிசன். குழந்தைக்கு ஒன்றேகால் வயதாக இருக்கும்போது, 1906 ஏப்ரலில், அந்த ஊரில் பெரிய நிலநடுக்கம் வந்து நகரத்தின் பெரும்பகுதி தீயில் போனது. அதில் பிழைத்தவர்களில் கடைசி வரை உயிரோடு இருந்த சிலரில் இவரும் ஒருவர்.

அப்பா இன்சூரன்ஸ் துறையில் இருந்தார். மகனும் அதே வேலைக்குப் போனார். நாடக ஆசை இருந்தது. இர்விங் பிச்சல் என்ற நண்பர், "நடிக்க வாயேன்" என்று சொல்ல, பசடேனா நகரின் புகழ்பெற்ற நாடக அரங்கில் சேர்ந்தார். 1931இல் சினிமா. தொடக்கத்தில் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? 'ஸ்மார்ட் மணி' என்ற படத்தில் ஓட்டல் குமாஸ்தா. பெயர்ப்பட்டியலில் பெயர்கூட இல்லை.

அந்தக் காலத்து ஹாலிவுட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். படக் கம்பெனிகள் தொழிற்சாலை மாதிரி படம் எடுத்துத் தள்ளிய காலம். ஒரு படத்தில் கதாநாயகன் கதாநாயகி போக முப்பது நாற்பது பேர் வேண்டும். ஓட்டல் குமாஸ்தா, பத்திரிகை நிருபர், வக்கீல், டிக்கெட் கொடுப்பவர், கடன் கேட்டு வருபவர். இவர்களைப் பற்றிக் கதையில் விளக்கம் சொல்ல நேரம் கிடையாது. உள்ளே நுழைந்ததுமே பார்ப்பவருக்கு "ஓ, இவன் இப்படிப்பட்ட ஆள்" என்று புரிந்துவிட வேண்டும். அதற்கு முகமும் குரலும் நடையும் பழகிய ஆட்கள் தேவை. கதாநாயகனுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, மெதுவாகப் புரிய வைக்கலாம். இவர்களுக்கு ஒரு நிமிடம்தான். யோசித்துப் பாருங்கள், எது கஷ்டம்?

லேனுக்கு அப்போது ஒரு நாளைக்கு 35 டாலர் கூலி. பல படங்களில் அவருடைய வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரு படப்பிடிப்பை முடித்துவிட்டு அடுத்த படப்பிடிப்புக்கு ஓடுவார். 1933ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். அதில் ஒன்று புகழ்பெற்ற 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'. எத்தனை படம் நடித்தோம் என்பது அவருக்கே மறந்துவிடும். சும்மா பொழுதுபோக்காகத் தியேட்டருக்குப் போனால் திடீரென்று திரையில் தானே வந்து நிற்பாராம்!

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அதே 1933இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவு. மார்ச் மாதம் வங்கிகளையே சில நாள் மூடினார்கள். உடனே படக் கம்பெனிகள் ஊழியர் சம்பளத்தில் பாதியைச் சில வாரங்களுக்குப் பிடிப்பதாக அறிவித்தன. வேலை நேரத்துக்கும் கணக்கில்லை. நள்ளிரவு வரை நடிக்கவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்ப வரச் சொல்வார்கள் என்று லேன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரிய நட்சத்திரம் என்றால் ஒப்பந்தம் இருக்கும், பேசித் தீர்க்க ஆள் இருக்கும். தினக்கூலி நடிகர் யாரிடம் போய்க் கேட்பார்?

அந்தக் கோடையில் சில நடிகர்கள் கூடி திரை நடிகர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடக்க கால உறுப்பினர்களில் சார்லஸ் லேனும் ஒருவர். அன்று அதில் பெயர் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. நாளைக்கு வேலை கொடுக்கிற கம்பெனிக்கு எதிராகத்தானே சங்கம். நாலு வருடம் போராடி, வேலைநிறுத்தம் செய்யத் துணிந்த பிறகுதான், 1937 மே மாதம் கம்பெனிகள் இறங்கி வந்தன. வசனம் பேசும் நடிகருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 டாலர், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகருக்கு ஐந்தரை டாலர் என்று ஒப்பந்தம் ஆனது. ஐந்தரை டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் அதற்குக் கீழே யாரும் கொடுக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான் பெரிய விஷயம். படத்தில் கடன் வசூலிப்பவராக வந்த மனிதர், நிஜத்தில் கூலிக்காரர்கள் பக்கம் நின்றிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

இயக்குநர் ஃபிராங்க் காப்ராவுக்கு லேனை மிகவும் பிடிக்கும். அவருடைய படங்களைத் தொடர்ந்து பார்த்தால் லேனைத் தேட வேண்டியதே இல்லை. 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தில் தில்லுமுல்லு வக்கீல். 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் நிருபர். நான் முதலில் சொன்ன இரண்டும் காப்ரா படங்களே. நீ எனக்கு ஊன்றுகோல் போல இருந்தாய் என்ற பொருளில் காப்ரா எழுதிய கடிதத்தை லேன் பொக்கிஷமாக வைத்திருந்தாராம்.

அந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1938 படத்தில் வரி கட்டாத தாத்தாவாக நடித்தவர் லயனல் பாரிமோர். லேன் அரசாங்கத்தின் ஆளாக வந்து அவரை மிரட்டுவார். தாத்தா அலட்டிக்கொள்ளாமல், "நான் கொடுக்கும் பணத்துக்கு எனக்கு என்ன கிடைக்கும்?" என்கிற மாதிரி கேட்பார். அதிகாரி பதில் சொல்லித் தடுமாறிக் கோபித்துக்கொண்டு போவார். எட்டு வருடம் கழித்து 1946 படத்தில் அதே பாரிமோர்தான் கல்நெஞ்சுக்காரப் பாட்டர். லேன் இப்போது அவருக்கு வேலைக்காரர். அதே இரண்டு பேர், அதே மாதிரி எதிரும் புதிருமாக. ஆனால் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது தலைகீழாக மாறிவிட்டது.

அந்த வாடகைக் காட்சியை நான் நாலைந்து முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். கதாநாயகன் ஜார்ஜ் பெய்லி ஏழைகளுக்குச் சின்னச் சின்ன வீடுகள் கட்டித் தருகிறார். பாட்டருக்கு அது பொறுக்கவில்லை, ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. அவரிடம் லேன் வரைபடத்தைக் காட்டி விளக்குகிறார். உங்களுக்கு வாடகை கொடுத்தவர்கள்தான் இன்று அங்கே சொந்த வீட்டுக்காரர்கள், இதைச் சிரித்துத் தள்ள முடியாது, நான் உங்களிடம் வேலை பார்க்கிறவன், எனக்கென்ன வந்தது, ஆனால் உள்ளதைச் சொல்கிறேன் என்று பேசுகிறார். கெட்டவரின் ஆள்தான். குரலில் குழைவும் இல்லை. ஆனால் அந்த ஊரில் பாட்டரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் வேலைக்காரர் அவர்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் பாட்டர் ஜார்ஜை விலைக்கு வாங்கப் பார்க்கிறார். இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் அடுத்த காட்சிக்குக் காரணமே இல்லை.

இதுவரை படித்தவர்கள், "சரி, டீச்சர் இப்போ 'எந்த வேஷமும் சின்ன வேஷம் இல்லை'ன்னு புத்திமதி சொல்லப் போறாங்க" என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் முடிக்கலாம் என்று இருந்தேன். ஆனால் லேன் அப்படிச் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அதை அவர் பேட்டியில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரு வேடத்தை நன்றாகச் செய்துவிட்டால், அடுத்ததும் அதே வேடம், அதற்கடுத்ததும் அதே வேடம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள், இது முட்டாள்தனம், நியாயமும் இல்லை என்பது அவருடைய எண்ணம். கறார் குமாஸ்தா, கஞ்சன், வரி அதிகாரி, சிடுமூஞ்சி நீதிபதி. அறுபது வருடம். வீட்டிலோ அவர் நேர் எதிர், அன்பான மனிதர் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். மனைவி ரூத்துடன் எழுபது வருட இல்லறம். திரையில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம். நன்றாகச் செய்ததே அவருக்குத் தண்டனை ஆகிவிட்டது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நம் பள்ளி ஆண்டு விழா நாடகங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான்தான் எழுதுவேன், நான்தான் ஆள் பிடிப்பேன். ஒரு வருடம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வட்டிக்கடைக்காரர் வேடம் கொடுத்தேன். தோளில் துண்டு, கக்கத்தில் குடை. கொட்டகையே சிரித்தது. அவ்வளவு நன்றாகச் செய்தான். மறுவருடம் ஊரை ஏய்க்கும் பண்ணையார் வேடம் அவனுக்கே. ஐந்தாம் வகுப்பு வந்தபோது என் மேசை பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், இந்த வருஷமாவது நான் நல்லவனா வரட்டுமா?" என்று கேட்டான். நான் நோட்டுத் திருத்திக்கொண்டே சிரித்தேன். "உனக்கு அதுதான்டா பொருந்தும்" என்றேன். அந்த வருடமும் அவன்தான் வில்லன். பிள்ளைகள் அவனை "வட்டி" என்றே கூப்பிட்டார்கள். நான் தடுத்ததாக ஞாபகம் இல்லை.

அவனுடைய கேள்வியை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அது பாராட்டு இல்லை, முறையீடு. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஒரு முதியவர் பேட்டியில் சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

லேனின் கதையை முடித்துவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அவர் கடலோரக் காவல் படையில் பணியாற்றினார். திரும்பி வந்தபோது காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1950களில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. சினிமாக் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. நிறைய துண்டு வேட நடிகர்கள் டிவிக்குப் போனார்கள். வாராவாரம் புதுக்கதை. அதற்கும் குமாஸ்தாவும் வங்கி மேலாளரும் வேண்டுமே!

நடிகை லூசில் பால் இவருக்கு 1930களில் இருந்தே பழக்கம். அப்போது அந்த அம்மாவும் கூட்டத்தோடு ஆடுகிற பெண்தான். பிறகு 'ஐ லவ் லூசி' தொடரால் அமெரிக்காவே கொண்டாடும் நிலைக்கு வந்தார். பழைய நண்பரை மறக்கவில்லை. 1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி ஒளிபரப்பானது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதே நாளில் நிஜத்திலும் அவருக்கு மகன் பிறந்தான். அந்தப் பகுதியில் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் சலிப்போடு உட்கார்ந்திருக்கும் அப்பா சார்லஸ் லேன். ஏற்கெனவே ஆறு பெண் குழந்தைகள். அவருடைய சிடுமூஞ்சிக்கு அங்கே நியாயமான காரணம் இருந்தது!

அதன் பிறகு 'பெட்டிகோட் ஜங்ஷன்' தொடர். 1963இல் தொடங்கியது. ஒரு கிராமத்துச் சின்ன ரயிலை நிறுத்தியே தீருவேன் என்று வந்து வந்து தோற்றுப்போகும் ரயில்வே அதிகாரி ஹோமர் பெட்லோ. மக்கள் அவரை முழுப் பாத்திரமாக நினைவில் வைத்தது இதில்தான். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நம் ஊரில் 2020 வரை ஓய்வு பெறும் வயதாக இருந்தது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், நான் கணக்கு எடுத்தவள் அல்லவா. 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' வெளிவந்தபோது செலவழித்த பணத்தை எடுக்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க விட்டுவிட்டார்கள். உடனே டிவி நிலையங்கள் அதைக் கிட்டத்தட்ட இலவசமாக எடுத்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திரும்பத் திரும்பப் போட்டன. அப்படித்தான் அது அந்த நாட்டின் பண்டிகைப் படம் ஆனது. நடிகர்களுக்கு அதில் என்ன கிடைத்தது? 1960இல் நடிகர் சங்கம் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தது. அந்த ஆண்டு முதல் எடுக்கும் படங்களை டிவியில் போட்டால் நடிகர்களுக்குப் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. பழைய படங்களுக்குத் தனித்தனிப் பங்கு இல்லை. அதற்கு ஈடாக ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்குமான நிதியில் கம்பெனிகள் ஒரு தொகை போட்டன. அதாவது, லேனின் முகம் வருடா வருடம் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனது. அந்த 1946 வேலைக்கான கூலியோ 1946லேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் சேர்ந்து உருவாக்கிய சங்கத்தால் பின்னால் வந்தவர்களுக்கு நல்லது நடந்தது. ஆசிரியர் இயக்கங்களில் ஊர்வலம் போன நம் தலைமுறைக்கு இது நன்றாகப் புரியும்.

2005இல் அவருக்கு நூறு வயது. ஒரு டிவி விருது விழாவில் அவரைக் கௌரவித்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் மைக்கில் சொன்னதன் பொருள் இதுதான்: வேலை இருந்தால் சொல்லுங்கள், நான் தயார். நூறு வயதில்! மறுவருடம் ஒரு குறும்படத்துக்குக் குரலும் கொடுத்தார். 2007 ஜூலை 9 அன்று, 102 வயதில் காலமானார்.

அவர் பெயரைச் சொன்னால் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. என் சம்பந்தியின் அண்டை வீட்டு அமெரிக்கப் பாட்டியிடம் கேட்டேன், தெரியவில்லை. ஃபோனில் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. "இவரா! இவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியுமே!" என்றார்.

சின்ன வேடம் கிடைத்தால் திருப்தியோடு இரு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. லேன் திருப்தியோடு இல்லை. நியாயமான கூலி கேட்டார். வேறு வேடம் கேட்டார். முதலாவது கிடைத்தது, இரண்டாவது பெரும்பாலும் கிடைக்கவில்லை. கிடைக்காதபோதும் வேலையைக் குறை வைக்கவில்லை. அவருடைய பெருமை அவருடையது. அவருக்கு வேடம் கொடுத்தவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது தனி.

ஆசிரியப் பணியில் இருக்கும் என் மாணவர்கள் பதினோரு பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நன்றாகப் பாடும் பிள்ளையை ஒரு வருடம் நடிக்க விடுங்கள். வில்லனாக வந்தவனை ஒரு வருடம் ராஜாவாக்குங்கள். நாடகம் சுமாராகத்தான் வரும். வரட்டும், பரவாயில்லை.

அந்தப் பையனும் இதைப் படிக்கலாம். இன்று அவனுக்கு நாற்பது தாண்டியிருக்கும், பிள்ளைகள்கூட இருக்கலாம். பெயர் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். தம்பி, அன்று நீ கேட்டதற்கு டீச்சர் சரியான பதில் சொல்லவில்லை. "வரட்டும், நீ நல்லவனாவே வாடா" என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா.

எல்லோரும் நலமாக இருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்